நாலு விரல் மடிப்பு

ஜூன் 9

அண்ணிக்கு,

நான் நலமாக இல்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். என் மகள் உங்களோடு இருக்கிறாளே.

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீங்கள் கத்துகிறீர்கள், நடுவில் வாலு காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "எழுதிப் போடு. எழுதினா கையாவது வலிக்கும், கோபம் கொஞ்சம் இறங்கும்" என்றீர்கள். எழுதுகிறேன். கை வலிக்கிறது. கோபம் இறங்கவில்லை.

பள்ளிக்கு விடுமுறை விட்ட அன்று உங்கள் தம்பி என்னிடம் வந்து, "லீவு முடியிற வரைக்கும் எங்கக்கா வீட்டுல இருக்கட்டுமே. தையல் கடையில அவளுக்கும் பொழுது போகும்" என்றார். நான் விவாகரத்து மனுப் போட்டுச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரே வீட்டில் அவர் ஒரு சுவர், நான் ஒரு சுவர். அந்தச் சுவர்களுக்கு நடுவே ஒரு ஏழு வயதுக் குழந்தை எதற்கு மூச்சு முட்ட வேண்டும் என்று நானே பெட்டியை அடுக்கினேன். நாலைந்து கவுன், பல் துலக்கும் பிரஷ், காது கிழிந்த முயல் பொம்மை. விடுமுறைக்காக அடுக்கிய பெட்டி அது.

விடுமுறை முடிந்துவிட்டது. அவரும் தனி அறை எடுத்துப் போய்விட்டார். பள்ளி திறந்து, அவள் இடத்தில் வேறொரு குழந்தை உட்கார்ந்தும் விட்டது. அவரைக் கேட்டால் "எங்கக்காவைக் கேளு" என்கிறார். உங்களைக் கேட்டால் "என் தம்பியைக் கேளு" என்கிறீர்கள். பந்தை அப்படித் தட்டி விளையாடலாம். பிள்ளையைத் தட்டி விளையாடக் கூடாது.

உங்கள் கடை வாசலில் வந்து நின்று கத்த எனக்குத் தெரியாமல் இல்லை. வாலு அதைப் பார்க்கக் கூடாது என்றுதான் பொறுத்திருக்கிறேன். அவளை அனுப்பிவையுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடைசியில் எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

வாலுவின் அம்மா

•

ஜூன் 17

தம்பி மனைவிக்கு,

இங்கே சௌக்கியம். நீ விசாரிக்கவில்லை, நானாகச் சொல்லிக்கொள்கிறேன். முழங்கால் வலி மட்டும் உண்டு. மிஷினை மிதித்தே தேய்ந்த கால், வலிக்காமல் என்ன செய்யும்?

வழக்குப் போட்டது யார்? நீ. என் தம்பியா போட்டான்? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாய். வீட்டை இரண்டாக உடைக்கும்போது வராத பிள்ளைப் பாசம், உடைத்த பிறகு வருகிறதா?

வாலுவை இங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டேன். அடுத்த தெருதான். சீருடை நான் தைத்ததுதான். ஏன் சேர்த்தேன் என்று கேட்பாய். சொல்கிறேன், கேள்.

பிப்ரவரியில் ஒரு நாள், இருட்டுகிற நேரம். உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். வாலு எடுத்தாள். "அம்மா எங்கடி?" என்றேன். "அம்மா இல்ல அத்தை. நான் மட்டும்தான் இருக்கேன்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "பயமா இருக்கா?" என்றேன். "முயல் இருக்கு" என்றாள்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஊராருக்கு ஆம்புலன்ஸ் அனுப்புகிற வேலையாம் உனக்கு! பெற்ற பிள்ளையை இருட்டில் விட்டுவிட்டு ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறாயா? இதை அன்றைக்கே உன் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இப்போது கோர்ட்டில் கேட்டால் சொல்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்தில் பட்டினி கிடந்தால் அதற்கும் என்னைத்தான் சொல்வாய்.

உன் நாத்தனார்

•

ஜூன் 26

அண்ணிக்கு,

சாப்பிட்டேன். விசாரித்ததற்கு நன்றி.

நேற்று என் வக்கீலம்மாவிடம் போயிருந்தேன். அவர் ஒரு மாதிரி. சட்டப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார், எதற்கும் ஓர் உதாரணம் சொல்வார். "ரெண்டு பேர் கூட்டா ஒரு கடை வெச்சாங்க. ஒத்துவரல, இழுத்து மூடிட்டாங்க. விவாகரத்துன்னா அவ்வளவுதாம்மா. ஆனா அப்பா அம்மாங்கிற வேலைக்கு ராஜினாமா கிடையாது. அதனால புருஷன் பொண்டாட்டி வழக்கு வேற, குழந்தை வழக்கு வேற. ரெண்டையும் ஒரே பையில போட்டுக் குலுக்காதீங்க" என்றார்.

"பெத்தவ நான். எனக்குத்தானே தருவாங்க?" என்றேன்.

"யார் பெத்தாங்க, யார் சம்பாதிக்கிறாங்க, யார் மேல தப்பு, எல்லாம் அப்புறம். குழந்தைக்கு எது நல்லது? இந்த ஒரு கேள்விதான் கோர்ட்டுக்கு முக்கியம். ஒரு செடி இருக்குன்னு வைங்க. விதையை யார் வாங்கினாங்கன்னு பார்ப்பாங்களா? எங்க வேர் பிடிச்சிருக்குன்னுதான் பார்ப்பாங்க. நல்லா வேர் பிடிச்சதைப் பிடுங்க எந்த ஜட்ஜுக்கும் மனசு வராது."

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன் அண்ணி. உங்கள் தம்பியின் வக்கீலுக்கு ஒரு வாய்தாவுக்கு ஜலதோஷம், ஒரு வாய்தாவுக்கு மச்சினன் கல்யாணம், ஒரு வாய்தாவுக்கு ஏதோ காகிதம் வரவில்லை. இத்தனை நாளும் அதைச் சோம்பல் என்று நினைத்தேன். சோம்பலே இல்லை. வேர் பிடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்! புதுப் பள்ளி, புதுச் சிநேகிதிகள், புதுத் தெரு. அவர் செடியைக் கொண்டுவந்து உங்கள் வீட்டில் நட்டுவிட்டுப் போய்விட்டார். நீங்கள் தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்.

தெரிந்துதான் ஊற்றுகிறீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மிதிப்பதைக் குறையுங்கள்.

வாலுவின் அம்மா

•

ஜூலை 5

தம்பி மனைவிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். பரவாயில்லை.

ஒரு பக்கம் முழுக்கச் செடி, விதை, வேர் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி மூச்சு விடவில்லையே? உன் வக்கீலம்மாவிடம் அதற்கு ஓர் உதாரணம் இல்லையா?

வாலு நன்றாக இருக்கிறாள். பள்ளி விட்டதும் கடைக்கு வந்துவிடுவாள். பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துவைத்து நிறம் நிறமாகப் பிரிப்பாள். நான் பார்க்காத சமயம் எல்லாவற்றையும் திரும்பக் கலந்துவிட்டு, முதலிலிருந்து பிரிப்பாள். நேற்று, "அத்தை, இவ்வளவு துணியைக் கடிக்குதே, கத்தரிக்கோலுக்குப் பல் வலிக்காதா?" என்றாள். சட்டை அளவு கொடுக்க வந்த போஸ்ட்மாஸ்டர் சிரித்த சிரிப்பில் அளவு நாடா நழுவிவிட்டது. மாடியில் என் கட்டிலில்தான் படுத்துக்கொள்கிறாள். தூக்கத்தில் உதைக்கிறாள்.

அம்மாவைக் கேட்கிறாளா என்று நீ எழுதவில்லை. அதனால் நானும் எழுதவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகும்போது நனையாமல் போ.

உன் நாத்தனார்

•

ஜூலை 27

உங்கள் தம்பியின் அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

பிள்ளையைக் கேட்டுத் தனியாக ஒரு மனுப் போட்டேன். அது முடியும்வரை மாதம் ஒருமுறை, கோர்ட்டு அறையில், ஒரு மணி நேரம் என் பிள்ளையை நான் பார்க்கலாம் என்று உத்தரவு. முந்தாநாள் பார்த்தேன். அந்த அறையை நீங்கள் பார்த்ததில்லை; வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு உங்கள் தம்பியோடு வெளியே நின்றுகொண்டீர்கள். நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சக்கரம் போன ஒரு பொம்மை லாரி, சுவரில் சிரிக்கிற யானைப் படம். மூலையில் ஓர் அம்மாள் காவலுக்கு உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். என் குழந்தையோடு நான் பேசுவதை இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

பள்ளியிலிருந்து நேராக வந்ததால் வாலு சீருடையில் இருந்தாள். மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். கை கவுனின் ஓரத்துக்குப் போனது. என்னவோ தடிமனாக இருக்கிறதே என்று புரட்டிப் பார்த்தேன். உள்ளே நாலு விரல் மடிப்பு.

நாலு விரல்! வளர வளரப் பிரித்துவிட. அடுத்த வருஷத்துக்கு ஒரு விரல், அதற்கடுத்த வருஷத்துக்கு ஒரு விரல். லீவுக்கு வந்த பிள்ளைக்கு எதற்கு நாலு விரல் மடிப்பு? தெரிந்து ஊற்றுகிறீர்களா என்று கேட்டிருந்தேன். உங்கள் பதிலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டேன்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக என் பிள்ளைக்கு மடிப்பு விடாதீர்கள்.

•

ஆகஸ்ட் 3

இங்கே நலம்.

வளர்கிற பிள்ளை யாருக்குத் தைத்தாலும் நாலு விரல் விட்டுத்தான் தைப்பேன். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது என் தொழில்.

உன் கடிதத்தில் மற்ற எதற்கும் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை.

உன் பேரில் என் தம்பி கொடுத்திருக்கும் எதிர் மனுவில் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சாயங்காலம் போனில் கேட்டதைச் சொல்வேன். ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

•

ஆகஸ்ட் 10

அண்ணிக்கு,

இனி நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கேட்பீர்கள் என்று இத்தனை நாள் பொறுத்தேன். முதலிலேயே சொல்லியிருந்தால், "புருஷன் மேல பழி போடுறா" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருப்பீர்கள்.

எனக்கு அந்தப் பிப்ரவரியில் மாலை ஷிப்ட். எங்கள் வேலை எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. காதில் மாட்டிய கருவியைக் கழற்ற முடியாது. ஒருவர் "அப்பா மூச்சுவிட மாட்டேங்கிறார்" என்று அழுவார். வீட்டு எண்ணைக் கேட்டு, வண்டியை அனுப்பி, அது போய்ச் சேருகிறவரை அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் அடுத்த மணி அடிக்கும். அன்றும் அப்படித்தான். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் என் காதுக்கு வருகிறது. என் வீட்டில் நடந்தது வரவில்லை.

வேலை முடிந்து வந்தபோது வீடெல்லாம் புகை நாற்றம். வாலு பசி தாங்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, பால் காய்ச்சப் பார்த்திருக்கிறாள். பாத்திரம் அடிப்பிடித்துக் கருகியிருந்தது. அடுப்பை அணைக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைப்பதே இல்லை. நினைத்தால் வேலை பார்க்க முடியாது. அவள் முயலைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தாள்.

அடுத்த வாரம் மனுப் போட்டேன்.

நீங்கள் போன் செய்தீர்கள். "அம்மா எங்கடி?" என்று கேட்டீர்கள். குழந்தை "அம்மா இல்லை" என்றாள். வேலைக்குப் போனவள் எப்படி இருப்பாள்? "நான் மட்டும்தான் இருக்கேன்" என்றும் சொன்னாள். அதையும் கேட்டீர்கள். உங்களுக்கு வயிறு எரிந்தது. அத்தனையும் உண்மை. நான் மறுக்கவில்லை.

ஆனால் அண்ணி, எனக்கு மாலை ஷிப்ட் வந்தால் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்திருக்கும் அல்லவா? "அப்பா எங்கே?" என்று ஏன் கேட்கவில்லை? அன்றைக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இத்தனை மாதத்தில் ஒரு நாளாவது கேட்டீர்களா?

வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

வாலுவின் அம்மா

•

செப்டம்பர் 14

வாலுவின் அம்மாவுக்கு,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். அவன் நேரில் வரட்டும் என்று காத்திருந்தேன். போன வாரம்தான் வந்தான். வாலுவைப் பொத்தான் வாங்க எதிர்க்கடைக்கு அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

"பிப்ரவரியில அவ தனியா இருந்தாளே, அன்னிக்கு நீ எங்கடா இருந்த?"

"அதுவா? கேரம் ஃபைனல்க்கா. பக்கத்துத் தெருதான். தூங்கிட்டிருந்தா, அதான் கதவைச் சாத்திட்டுப் போனேன்."

"தூங்குற பிள்ளை எப்படிடா போனை எடுத்துச்சு?"

சிரிக்கிறான். சிரித்துவிட்டு, "பொம்பளை ஒழுங்கா வீட்டுல இருந்திருந்தா இந்தப் பேச்சே வராதுல்லக்கா?" என்கிறான்.

"அவ வேலைக்குப் போனா. நீ காய் தள்ளப் போன."

"ஜெயிச்சேன்க்கா" என்றான். விளையாட்டுக்குச் சொன்னானாம். மேசையில் இருந்த அளவு நாடாவை எடுத்து எறிந்தேன். படவில்லை. இஸ்திரிப் பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

"இது உன் வக்கீலுக்குத் தெரியுமா?" என்றேன். "தெரியும்க்கா. அதனாலதான் உன்னைச் சாட்சி போட்டாரு. நீ பொய்யே சொல்ல வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்னாரு" என்றான்.

அவர்கள் என்னைப் பொய் சொல்லச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. என் வாய் அந்தக் கேள்வியைக் கேட்காது என்று என் தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. அதை நம்பி வழக்கே நடத்துகிறான்.

அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

•

செப்டம்பர் 20

அண்ணி,

நான் நலம்.

நன்றி என்று எழுத மாட்டேன். எழுதினால் அது கூலி மாதிரி ஆகிவிடும்.

கோர்ட்டில் முழுவதையும் சொல்லுங்கள். வாலு உங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்தது உண்மையானால் அதையும் சொல்லுங்கள். அதனால் எனக்குப் பாதகம் என்றாலும் சொல்லுங்கள். பாதி உண்மையால் பட்ட அடியே எனக்குப் போதும். இன்னொரு பாதியைக் கொண்டு நான் ஜெயிக்க வேண்டாம்.

வாலுவின் அம்மா

•

அக்டோபர் 12

வாலுவின் அம்மாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி நலம்.

நீ வராண்டாவில் இருந்தாய். வாலு உன் முந்தானையை விடவில்லை. உள்ளே நடந்ததை உன் வக்கீலம்மா சொல்லியிருப்பார். என் வாயாலும் ஒருமுறை கேட்டுக்கொள்.

என் தம்பியின் வக்கீல் எழுந்து, "போன்ல குழந்தை 'அம்மா இல்லை'ன்னு சொல்லிச்சா, இல்லையா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொன்னா போதும்" என்றார்.

"ஆமா" என்றேன். "உட்காருங்க" என்றார்.

"உட்கார முடியாதுங்க. இன்னும் பாதி பாக்கி இருக்கு" என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றார். கேரத்தைச் சொன்னேன். பாலைச் சொன்னேன். "இதெல்லாம் அவங்க நேர்ல பார்த்ததில்லை" என்று வக்கீல் கத்தினார். "கேரத்தை அவனே என் கடையில நின்னு சொன்னான். இதோ உட்கார்ந்திருக்கான், கேளுங்க" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உங்க வீட்டுல குழந்தை நல்லா இருந்துச்சா?" என்று ஜட்ஜம்மா கேட்டார். "நல்லா இருந்தா" என்றேன். "அம்மாவைக் கேட்குமா?" என்றார்.

"தினமும் கேட்பா" என்றேன்.

அதற்குப் பிறகு வாலுவைத் தனியாக உள்ளே அழைத்துப் பேசினார்கள். "அம்மாகிட்ட இருக்கேன், அத்தையும் வரணும்" என்றாளாம். "அத்தையைச் சேர்த்து அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லைம்மா" என்றாராம் ஜட்ஜம்மா. உத்தரவு வந்துவிட்டது: விவாகரத்து வழக்கு முடியும்வரை பிள்ளை உன்னிடம், ஞாயிறுதோறும் அவன் வந்து பார்க்கலாம், நிலைமை மாறினால் உத்தரவும் மாறும்.

படியிறங்கும்போது, "நீ என் கூடப் பிறந்தவதானா?" என்று கேட்டான். "அதனாலதான் இவ்வளவு நாள் கேட்காம இருந்தேன்" என்றேன்.

வாலுவின் பெட்டியை நாளை பார்சலில் அனுப்புகிறேன். வந்தபோது இருந்ததைவிடப் பெரிய பெட்டியாக வேண்டியிருக்கிறது.

அண்ணி

•

நவம்பர் 3

அண்ணி,

பெட்டி வந்து சேர்ந்தது. நாங்கள் இருவரும் நலம்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம். "தினமும் கேட்பாள்" என்று ஜட்ஜிடம் சொன்னீர்களே, அதை ஜூலையில் எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே? அவள் என்னை மறந்துவிட்டாள் என்று நினைத்து எத்தனை நாள் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன் தெரியுமா? நான் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை என்றீர்கள். தாகத்தில் கிடப்பவள் கேட்டால்தான் தண்ணீர் தருவீர்களா?

நானும் அதே ஜூலையில் உங்களுக்கு ஒரு வரி எழுதினேன். எது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் அதற்குப் பதிலே எழுதவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் கிழித்துப் போடுங்கள். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், நான் எதையும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாலு தினமும் உங்களைக் கேட்கிறாள். காலையில் எழுந்ததும் கேட்கிறாள். தூக்கத்தில் என்னை உதைத்துவிட்டு, "அத்தை, தள்ளிப் படு" என்கிறாள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆனால் நீங்கள் என்னிடம் மறைத்ததை நான் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

வக்கீலம்மாவைக் கேட்டேன். "அத்தைக்குன்னு இந்த உத்தரவுல ஒரு வரியும் இல்லம்மா. அவங்க கேட்டாலும் சுலபத்துல கிடைக்காது. நீங்க விட்டா வரலாம், விடாட்டி வர முடியாது" என்றார். ஆக, சட்டம் இதை என் கையில் விட்டுவிட்டது. முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று காகிதம் வீணாயிற்று.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். வாருங்கள். என்னோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதில்லை. கதவைத் திறப்பது நான்தான். சிரித்த முகத்தை எதிர்பார்த்து வராதீர்கள், கோபமாகத்தான் திறப்பேன்.

வாலுவின் அம்மா

•

நவம்பர் 7

வாலுவின் அம்மாவுக்கு,

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

கோபமாகவே திற. திறந்தால் போதும்.

அண்ணி